பக்கத்து சீட்டு பிரேக்

‘அமைதி காக்கவும்’ என்று எழுதியிருந்த பலகையைத்தான் நான் இடித்துத் தள்ளினேன்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் இடிப்பதற்கு வேறு பொருளே இல்லாமல் இல்லை. குப்பைத்தொட்டி இருந்தது. பூந்தொட்டிகள் இருந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டுத் தேடிப்போய் அந்தத் தகரப் பலகையை இடித்தேன். அது சிமென்ட் தரையில் விழுந்து, உருண்டு, ஒருமுறை எழுந்து நின்று, மறுபடி விழுந்தது. அந்தச் சத்தத்தில் மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அமைதியைப் பற்றி இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் யாரும் நினைவூட்டியிருக்க மாட்டார்கள்.

என்னிடம் லைசென்ஸ் கிடையாது. டெஸ்டுக்குப் போன தடவைகளை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் இத்தனை நாள் பொறுத்துப்போன வாசல் காவலாளி இன்று, அம்மாவின் வண்டி ஆம்புலன்ஸ் திரும்பும் இடத்தை மறைக்கிறது, கொஞ்சம் பின்னால் தள்ளி நிறுத்துங்கள் என்றார். கொஞ்சம்தானே என்று ஏறி உட்கார்ந்தேன். என் வாழ்க்கையின் பெரிய நஷ்டங்கள் எல்லாம் இந்தக் ‘கொஞ்சம்தானே’யில்தான் ஆரம்பித்திருக்கின்றன.

அம்மாவின் வண்டி சாதாரண வண்டி இல்லை. அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். அதனால் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் பதறிப்போனால் அம்மா அங்கிருந்தே மிதிப்பாள். நம் காலுக்கடியில் இருக்கும் பெடல் தானாகக் கீழே இறங்கும். முதல்முறை அனுபவிக்கிறவர்கள் அலறிவிடுவார்கள். யாரோ நம் காலைப் பிடித்து இழுப்பது போலவே இருக்கும்.

பலகை விழுந்த பிறகும் வண்டி நிற்கவில்லை. பின்னால் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் தீவிர சிகிச்சைப் பிரிவின் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், கட்டிலில், மெஷினின் மூச்சில், அம்மா.

நான் வழக்கம்போல உறைந்துபோனேன். வழக்கம்போலப் பக்கத்தில் பார்த்தேன்.

சீட்டில் யாரும் இல்லை. ஆனால் அந்த சீட்டின் காலடியில் இருந்த பெடல் மெதுவாகக் கீழே இறங்கியது. அவசரப்படாமல், கடைசிவரை. அம்மா மிதிப்பது அப்படித்தான் இருக்கும்.

சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது.

எனக்குப் பேய் மேல் நம்பிக்கை கிடையாது. பேய்க்கும் என் மேல் நம்பிக்கை இருந்திருக்காது. என்மேல் நம்பிக்கை வைத்த மற்றவர்கள் எல்லாருமே ஏமாந்திருக்கிறார்கள். இருந்தாலும் ஸ்டியரிங்கை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன்.

அம்மா குள்ளம். பக்கத்து சீட்டை முன்னால் இழுத்து, முதுகுக்கு ஒரு குஷன் வைத்துத்தான் உட்காருவாள். அதில் வேறு யார் உட்கார்ந்தாலும் முழங்கால் தாடையில் இடிக்கும். இப்போது அந்த சீட் பின்னால் கடைசிவரை தள்ளப்பட்டிருந்தது. குஷன் பின்சீட்டில் ஒழுங்காக நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது, வழியனுப்ப வந்த சொந்தக்காரர் மாதிரி.

நான் மெத்தைக் கடையில் விற்பனையாளன். ஒரு பள்ளத்தைப் பார்த்தால் அதில் உட்கார்ந்தவரின் உயரமும் எடையும் ஓரளவு தெரியும். இந்தப் பள்ளம் உயரமான ஆளுடையது. முதுகை வளைக்காமல், ரொம்ப நேரம், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த ஆள்.

வண்டி பூட்டியிருந்தது. சாவி என்னிடம் இருந்தது.

*

இதுவரை நடந்ததை இரண்டு மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா வண்டியில் ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டு, தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்தாள். உள்ளே நுழைந்து, நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, சாவியை எடுத்து, கதவைப் பூட்டிவிட்டுத்தான் மயங்கி விழுந்தாள். ஆம்புலன்ஸ் வழியில் நிறுத்தியது ஒன்றுதான் அவள் வாழ்நாளில் செய்த பார்க்கிங் தப்பு.

மூளையில் ரத்தக்கசிவு. அன்று மூடிய கண் இன்னும் திறக்கவில்லை. இனித் திறக்க வாய்ப்பு இல்லை என்பதை டாக்டரம்மா பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். வாய்வழியே போட்ட குழாயை இனியும் அப்படியே வைத்திருக்க முடியாது. தொண்டையில் துளை போட்டு மெஷினை நிரந்தரமாக மாட்ட வேண்டும். அல்லது மெஷினை எடுத்துவிட்டு, வலி தெரியாமல் பார்த்துக்கொண்டு, அம்மாவைப் போகவிட வேண்டும். நாளைக் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டியது யார்? போன வாரம் முழுவதும் அக்காவும் நானும் போட்ட சண்டை அதுதான். சண்டை என்று சொல்வதுகூட என்னைப் பெருமைப்படுத்திக்கொள்வதாகும். அக்கா போட்டாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை, மூத்தவள், மெஷின் மாட்டியே தீரவேண்டும் என்றாள். நான் அவளிடம் ஆமாம் என்றேன். அவள் கணவர், அத்தான், அம்மா ரொம்பக் கஷ்டப்படுகிறார்களோ என்று மெல்ல ஆரம்பித்தபோது அவரிடமும் ஆமாம் என்றேன். கடைசியாக யார் பேசினார்களோ அவர்களோடு ஒத்துப்போவது என் கொள்கை. மெத்தைக் கடையில் அதற்கு நல்ல பெயர் உண்டு.

*

நான் அம்மாவின் அறைக்குப் போனபோது அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள்.

“வெளியில என்னடா சத்தம்?”

“பலகை விழுந்துடுச்சு.”

“தானாவா?”

“நானும் பக்கத்துலதான் இருந்தேன்.”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கண் அம்மாவின் தலைமேலேயே இருந்தது. அம்மாவின் தலைமுடி வாரி, நடுவகிடு எடுத்து, பின்னித் தோளுக்கு முன்னால் போடப்பட்டிருந்தது. அக்கா வாரியதாகத்தான் இத்தனை நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நீயா வாரி விடறே?” என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

எனக்குச் சொந்தத் தலையையே வாரத் தெரியாது. அதை அவளிடம் சொன்னேன். இருவரும் அறையைச் சுற்றிப் பார்த்தோம். அம்மாவின் மூக்குக்கண்ணாடி துடைத்து, மடக்கி, அவள் கை எட்டும் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. விரல் நகங்கள் வெட்டப்பட்டிருந்தன. பார்வையாளர் நாற்காலி எப்போதும் கட்டிலைப் பார்த்து இருக்கும்; இப்போது அது கட்டிலுக்குப் பக்கத்தில், அதே திசையைப் பார்த்துத் திருப்பப்பட்டிருந்தது. இருவரும் ஒரே சாலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் போல.

நாற்காலியின் ரெக்ஸினைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே வண்டியில் பார்த்த அதே பள்ளம். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

மெஷின் அம்மாவுக்குள் காற்றை ஊதியது, நிறுத்தியது, வாங்கியது. அந்த நிறுத்தத்தில் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வது எனக்கே பழக்கமாகிவிட்டிருந்தது.

நர்ஸ் உள்ளே வந்து சொட்டுமருந்தைச் சரிபார்த்தார். போகிற போக்கில் சொன்னார்:

“உங்க அப்பா இப்பத்தான் கிளம்பினாரு. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம்.”

அக்காவின் கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தது. அப்பா இறந்தபோது எனக்கு விவரமே தெரியாது. அவளுக்குக் கொஞ்சம் தெரியும்.

எப்படி இருந்தார் என்று நான்தான் கேட்டேன். என் குரல் மெத்தைக்கு அடியிலிருந்து வருவது போல இருந்தது. நர்ஸ் யோசித்துச் சொன்னார்: நல்ல உயரம், முழுக்கைச் சட்டை, பொத்தான் எல்லாம் போட்டிருப்பார். பேச மாட்டார். மத்தியானத்தில் வருவார், அம்மாவின் தலையை வாருவார், பக்கத்தில் உட்காருவார், போய்விடுவார். கணவராகத்தான் இருக்கும் என்று தாங்களாகவே நினைத்துக்கொண்டார்களாம்.

நர்ஸ் போன பிறகு அக்கா ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா உயரம்டா. முழுக்கைதான் போடுவாரு.”

“அக்கா, அப்பாவுக்குத் தலை வாரத் தெரியுமா?”

“எனக்கு அவர்தான் பின்னி விடுவாரு.”

ஒரு சிரிப்பு வரவழைக்க வேண்டிய நேரம். நான் ஏதோ சொன்னேன். என்னவென்று நினைவில்லை, நல்ல நகைச்சுவையாக இருந்திருக்காது. சொல்லி முடித்ததும் போர்வைக்கு அடியில் அம்மாவின் வலது கால் ஒருமுறை முன்னால் அழுந்தியது. பாதம் வளைந்து, அழுத்தி, நின்று, தளர்ந்தது.

டாக்டரம்மா இதைப் பற்றி முன்பே சொல்லியிருந்தார். தண்டுவடம் தானாகச் செய்கிற அசைவு, அவர்களுக்கு எதுவும் தெரியாது, அதற்கு அர்த்தம் தேடாதீர்கள் என்று. எங்களுக்குப் புரிந்திருந்தது. ஆனால் அம்மா எங்களுக்கு அம்மா. நான் உளறும்போதெல்லாம் அந்தக் கால் அப்படித்தான் பிரேக்கை மிதிக்கும்.

*

டாக்டரம்மாவின் அறையில் அக்கா தயாராக இருந்தாள். தனக்குத் தெரிந்த வக்கீலைக் கேட்டு வந்திருந்தாள். பிள்ளைகளில் மூத்தவள், அம்மாவோடு தினமும் பேசுகிறவள், அதனால் தன் சொல்தான் செல்லும் என்று ஆரம்பித்தாள்.

டாக்டரம்மா முழுவதையும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். டாக்டர்கள் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி வராது.

“நேத்து சாயங்காலம் ஒருத்தர் எங்ககிட்ட ஒரு பத்திரம் கொடுத்தாரு. உங்கம்மா நல்லா இருக்கும்போது, ரெண்டு சாட்சி வச்சு, பதிவு பண்ணினது. தன்னால பேச முடியாத நிலைமை வந்தா தனக்காக யார் முடிவு சொல்லணும்னு அதுல எழுதியிருக்காங்க. எங்க சட்டப் பிரிவும் பார்த்துட்டாங்க. அது செல்லும்.”

“என் பேருதானே?” என்றாள் அக்கா.

“முதல் பேரு அவரோடது.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் என் பின்னால் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

யார் அது, எங்களுக்கு என்ன உறவு என்று அக்கா கேட்ட கேள்விகளுக்கு டாக்டரம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். உறவு இல்லை. தானே நேரில் வந்து எங்களிடம் பேச வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்று சாயங்காலத்துக்குள் அவர் பேசாவிட்டால் டாக்டரே பெயரைச் சொல்லிவிடுவார். முடிவு மட்டும் நாளைக் காலை வேண்டும். அம்மாவின் தொண்டை அதற்கு மேல் தாங்காது.

“பெத்த பொண்ணுக்கு உரிமை இல்லையா டாக்டர்?”

“கருத்து சொல்ற உரிமை உண்டு. கேட்டுக்குவோம், எழுதியும் வச்சுக்குவோம். ஆனா முடிவு, உங்கம்மா யாரைச் சொன்னாங்களோ அவங்களோடது. அது உங்கம்மாவோட உரிமை.”

பிறகு கருத்தைக் கேட்டார். அக்கா ஒரே மூச்சில் சொன்னாள். மெஷின் வேண்டும், துளை போடுங்கள், எத்தனை வருஷமானாலும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வேன். சொன்னபோது அவள் குரல் உடையவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் பேசிப் பழகிய குரல்.

“நீங்க?” என்று டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

என் நெஞ்சுக்குள் ஒரு பதில் இருந்தது. அது தொண்டைவரை வந்தது. அங்கிருந்து அது வெளியே வருவதற்குள் வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது.

“மெஷினுக்கு வாரன்டி எவ்வளவு நாள் டாக்டர்?”

யாரும் சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து டாக்டரம்மா மறுபடி போட்டுக்கொண்டார். அதற்குள் கேட்டுவிட்டதற்காக என் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் முன்னால் கடித்திருக்கலாம்.

*

வராந்தாவில் அக்கா வேகமாக நடந்தாள். துடைத்துத் துடைத்துப் பளபளப்பாகிவிட்ட தரையில் அவள் தலைகீழாகவும் நடந்துகொண்டிருந்தாள். நான் இரண்டு அக்காக்களுக்கும் பின்னால் ஓடினேன்.

திரும்பும் இடத்தில் நின்றாள்.

“ஒரே ஒரு தடவை, நீ என்ன நினைக்கறேன்னு சொல்லுடா.”

“நீ என்ன சொல்றியோ அதுதான் அக்கா.”

“பொய். அத்தான்கிட்ட வேற சொன்னே. அவர் என்கிட்ட சொல்லிட்டாரு.” அவள் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “நீ என்னை எதிர்த்துப் பேசியிருந்தா நான் சண்டையாவது போட்டிருப்பேன். ராத்திரி முழுக்க நான் ஒருத்தியே ரெண்டு பக்கமும் பேசிக்கிட்டு இருக்கேன்டா. அம்மாவை விட்டுடுன்னும் நானே சொல்றேன், விடாதேன்னும் நானே சொல்றேன். விடாதேன்னு சொல்றது கொஞ்சம் சத்தமா இருக்கு, அவ்வளவுதான்.”

வாயைத் திறந்திருந்தால் அது ஜோக்காகத்தான் வந்திருக்கும். வாயை மூடிக்கொண்டேன். அன்று நான் செய்த முதல் நல்ல காரியம்.

வக்கீலைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். பேர் தெரியாத ஒருவர் கையில் அம்மாவைக் கொடுக்க மாட்டேன், கோர்ட்டில் தடை வாங்க வழி இருக்கிறதா என்று கேட்கப்போகிறேன் என்றாள். போகும்போது என் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டுப் போனாள். சின்ன வயதிலிருந்தே, என்னை அடித்து முடித்த பிறகு அப்படித்தான் செய்வாள்.

*

பலகையையாவது எடுத்து நிறுத்தலாம் என்று வெளியே போனேன். சாயங்கால வெயில் வளாகத்தில் சாய்ந்து விழுந்திருந்தது. பலகையை யாரோ ஏற்கெனவே எடுத்து நிறுத்தியிருந்தார்கள். அது கொஞ்சம் கோணலாக, என்னை மட்டும் பார்த்து அமைதி காக்கச் சொன்னது.

அம்மாவின் வண்டியின் முன்கண்ணாடி முழுக்க வானம் தெரிந்தது. ஒரு மேகம் நகர்ந்தது. மேகத்துக்குப் பின்னால், பக்கத்து சீட்டில், ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார்.

நிமிர்ந்து, நேராக, சாலை ஏதோ ஓடிக்கொண்டிருப்பதைப் போல முன்னால் பார்த்துக்கொண்டு. முழுக்கைச் சட்டை. பொத்தான் எல்லாம் போட்டிருந்தது.

திரும்பி ஓடியிருப்பேன். அம்மாவின் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது ஓட முடியவில்லை. கிட்டே போனேன். ஓட்டுநர் பக்கக் கதவு பூட்டப்படவில்லை. திறந்தேன்.

“உட்காரு” என்றார் அவர், திரும்பாமலே. “பெல்ட்.”

என் கை தானாகப் பெல்ட்டை இழுத்து மாட்டியது. மாட்டி முடித்த பிறகுதான் அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு விளங்கியது.

கல்லுளிமங்கர்.

அது எங்கள் வீட்டில் அவருக்கு வைத்த பெயர். ஓட்டுநர் தேர்வு எடுக்கிற இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா அனுப்பிய மாணவர்களை ஈவு இரக்கம் இல்லாமல் ஃபெயில் போட்டவர். கர்ப்பிணி, கல்யாண மாப்பிள்ளை, கண்ணீர், எதுவும் அவரிடம் செல்லாது. அம்மா சாப்பிடும்போதெல்லாம் அவரைத் திட்டுவாள். அந்த மனுஷனுக்கு இருதயம் இருக்க வேண்டிய இடத்தில் கைப்பிரேக் இருக்கிறது என்பாள். என்னையும் ஒவ்வொரு முறையும் இதே சீட்டில் உட்கார்ந்து ஃபெயில் போட்டவர் அவர்தான். முடிந்ததும் ‘இறங்கலாம்’ என்று ஒரு சொல் மட்டும் சொல்வார். ஏன் என்று கேட்டால் பேனாவை மூடுவார். அம்மாவைக் கேட்டால், “அவரையே கேளு” என்பாள்.

“நீங்களா சார் அம்மாவுக்குத் தலை வாரி விடறது?”

உலகத்தில் கேட்க எத்தனையோ கேள்விகள் இருக்க, என் வாயில் வந்தது இதுதான்.

“கலைஞ்சு கிடந்தது” என்றார். “அவங்களைக் கலைஞ்சு பார்த்ததில்ல.”

அவருக்கு நான்கு தங்கைகளாம். பின்னிப் பழக்கமாம். இதைச் சொல்ல அவர் சிரமப்பட்டதைப் பார்த்தால் குற்றத்தை ஒப்புக்கொள்வது போல இருந்தது. பிறகு மற்றதைச் சொன்னார். அம்மா போன வருஷம் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். விரோதி வீட்டு வாசலில் நின்று, உதவி கேட்டிருக்கிறாள். அன்றைக்கே இந்த வண்டியின் இன்னொரு சாவியையும் கொடுத்திருக்கிறாள்.

“‘நீங்க யாரையும் பாவம் பார்த்துப் பாஸ் போட்டதில்ல. அதுக்காகத்தான் உங்ககிட்ட வந்தேன்’னு சொன்னாங்க.”

“அம்மாவுக்கு என்ன வேணும்னு சொன்னாங்களா சார்?”

“சொன்னாங்க. மெஷின் வேண்டாம். ‘ஓட்ட முடியாதவங்களை ஸ்டியரிங் முன்னாடி உட்கார வைக்கறது தப்பு, அதை நீங்க செய்ய மாட்டீங்க’ன்னாங்க.”

ஒரு ஆம்புலன்ஸ் சத்தமில்லாமல் உள்ளே வந்து, அம்மாவின் வண்டி இப்போது மறைக்காத இடத்தில் திரும்பி நின்றது. அவர் அதை நுணுக்கமாகக் கவனித்தார். திரும்பிய விதம் அவருக்குத் திருப்தியாக இல்லை என்று தோன்றியது.

ஏன் இத்தனை நாள் பத்திரத்தை வெளியே எடுக்கவில்லை என்று கேட்டேன். அதுவும் அம்மா சொன்னதுதானாம். பிள்ளைகள் இருவரும் ஒரே வார்த்தைக்கு வந்துவிட்டால் பத்திரம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்றாளாம். அவர் காத்திருந்து பார்த்திருக்கிறார்; எங்கள் சண்டை வராந்தாவரை கேட்டிருக்கிறது. அக்கா ஒரு வார்த்தையில் நின்றாள். நான் எந்த வார்த்தையிலும் நிற்கவில்லை.

“அப்ப நாளைக்குக் காலைல நீங்க சொல்லிடுவீங்க” என்றேன். எனக்குள் ஏதோ ஒன்று அசிங்கமாக நிம்மதிப் பெருமூச்சு விட்டது. இன்னொருவர் மிதிக்கப்போகிறார்.

“இல்ல.”

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

“நேத்து அவங்க கால் அசைஞ்சது. அது தானா அசையறதுன்னு எனக்கும் சொல்லியிருக்காங்க. இருந்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘இன்னும் இடம் இருக்கும்மா, கொஞ்சம் தள்ளி நிறுத்தலாம்’னு சொன்னேன். வாய்விட்டு.” சட்டைக் கைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். “என் சர்வீஸ்ல யாருக்கும் ஒரு அங்குலம் கொடுத்ததில்ல. பரிட்சை எடுக்கறவனுக்குப் பாவம் வந்துட்டா சீட்டை விட்டு எழுந்துடணும். காலைல நான் விலகிக்கறேன்னு எழுதிக் கொடுக்கப் போறேன். பத்திரத்துல ரெண்டாவது பேரு இருக்கு.”

“அக்காவா?”

“நீ.”

நான் பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன். அக்காவை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். அவள் பிடித்தால் விடமாட்டாள், அது தப்பில்லை, ஆனால் அம்மா கேட்டது அது இல்லை என்றார். அவ்வளவு எளிமையாக எங்கள் வீட்டில் யாரும் எதையும் சொன்னதில்லை.

“சார், நான் எதுக்கும் லாயக்கு இல்லாதவன். வாத்தியார் பிள்ளை மக்குன்னு சொல்வாங்களே, அதுக்கு நான்தான் உதாரணம். நீங்களே எத்தனை தடவை ஃபெயில் போட்டிருக்கீங்க. ஏன் போட்டீங்கன்னாவது இன்னிக்கு சொல்லுங்க.”

பேனாவை மூடுவார் என்று நினைத்தேன். மூடுவதற்குக் கையில் பேனா இல்லை.

“சட்டம் தெரியும் உனக்கு. கண்ணாடி பார்ப்பே. கை காட்டுவே. குறுக்க ஏதாவது வந்தா மட்டும் சாலையைப் பார்க்க மாட்டே, பக்கத்துல பார்ப்பே. என் காலைப் பார்ப்பே. நான் மிதிக்கறேனான்னு காத்திருப்பே. ஒவ்வொரு தடவையும் கடைசில நான்தான் மிதிச்சேன்.”

வெயில் முன்கண்ணாடியிலிருந்து இறங்கிவிட்டிருந்தது. இப்போது கண்ணாடியில் எங்கள் இருவர் முகமும் லேசாகத் தெரிந்தன. எங்களுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

“இன்னிக்கும் பக்கத்துலதான் சார் பார்த்தேன்” என்றேன். கூடச் சேர்க்க ஜோக் எதுவும் அகப்படவில்லை. “சீட்டுல யாரும் இல்ல. ஆனா பெடல் இறங்கிச்சு. என் கண்ணால பார்த்தேன். அம்மா மிதிக்கற மாதிரியே இறங்கிச்சு. சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னுடுச்சு. நான் பைத்தியம்னு நினைச்சாலும் பரவாயில்ல, சொல்லுங்க. அதை மிதிச்சது யாரு?”

“அந்த மரத்தடியிலதான் நின்னுக்கிட்டு இருந்தேன். பார்த்தேன்.”

அவர் தன் இரண்டு கால்களையும் பெடலிலிருந்து விலக்கி ஓரமாக வைத்தார். பளபளவென்று துடைத்த பழைய ஷூக்கள்.

“மிதிச்சுப் பாரு.”

மிதித்தேன். அவருடைய காலடியில், யாரும் தொடாமல், அந்தப் பெடல் மெதுவாகக் கடைசிவரை கீழே இறங்கியது. ஒரே கம்பியில் கட்டிய இரண்டு பெடல். அங்கே மிதித்தால் இங்கே இறங்கும் என்பது பிறந்தது முதல் எனக்குத் தெரியும். இங்கே மிதித்தால் அங்கேயும் இறங்கும் என்பதைப் பார்க்க எனக்கு ஒருநாளும் சந்தர்ப்பம் வந்ததில்லை.

கல்லுளிமங்கர் முதல்முறையாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“நீதான் மிதிச்சே, தம்பி.”